குழாயில் வைத்த பொட்டு

புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே,

ஃபர்னஸுக்குள் எந்த வாயுவை எப்போது விட வேண்டும், எந்தச் சூட்டில் நிறுத்த வேண்டும் என்பதையெல்லாம் சொல்லித்தர உங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். ஓய்வு பெற்றுப் போனவள் வந்து அதையே திரும்பச் சொன்னால் நீங்கள் கொட்டாவி விடுவீர்கள். உங்கள் வயதில் நானும் அதைத்தான் செய்தேன். அதனால் ஆலை மலரில் எனக்குக் கொடுத்த இந்த இடத்தில் ஒரு பொட்டைப் பற்றி எழுதப் போகிறேன். சந்தனத்தின் நடுவில் குங்குமம் வைத்த, நாம் எல்லோரும் பார்த்துப் பழகிய பொட்டுதான். அதனால் ஒரு நல்ல மனிதருக்கு வேலையே போக இருந்தது.

முதல் நாள் வந்தவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் நம் வேலை என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பீங்கான் சூட்டைத் தாங்கும், ஆனால் ஒரு தட்டு தட்டினால் சுக்குநூறாகிவிடும். அதற்குள் தலைமுடியை விட மெல்லிய சிலிக்கன் கார்பைடு இழைகளைப் பின்னி வைத்தால், விரிசல் விட்டாலும் சிதறாமல் பிடித்துக்கொள்ளும். நாம் அந்த இழைகளை ஒரு கிராஃபைட் தண்டின் மேல் ஜடை பின்னுவது போலப் பின்னி, ஃபர்னஸில் வைத்து, வாயுவைச் செலுத்தி, இழைகளின் இடுக்குகளில் அதே பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக வளரவிடுகிறோம். நாள் கணக்கில் ஆகும். ஒரு சுற்று முடிந்ததும் வெளியே எடுத்து, மேல் தோலைச் சீவிவிட்டு, மறுபடியும் உள்ளே வைப்போம். முடிவில் கிடைக்கும் கறுப்புக் குழாய், எஃகு துவண்டு போகும் சூட்டிலும் விறைப்பாக நிற்கும். அதிக வெப்பத்தில் இயங்கும் அணு உலைகளுக்குள் வைத்துச் சோதிக்கத்தான் அந்தக் குழாய்களை வாங்குகிறார்கள்.

நடுவில் ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வையுங்கள். கடைசிச் சுற்று முடியாத குழாய் ரஸ்க் மாதிரி. கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் அதில் ஏராளம். எது பட்டாலும் உறிஞ்சிக்கொள்ளும்.

நமக்கு முதல் பெரிய ஆர்டர் வந்த வருடம் நான் தரப் பிரிவின் தலைவி. கோவில்பட்டிப் பக்கத்து வெயிலில் வளர்ந்தவள், ஓசூர் குளிருக்குப் பயந்து சித்திரையிலும் ஸ்வெட்டர் போட்டவள். என்னை எல்லோரும் "ஸ்வெட்டர் மேடம்" என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரியாதது போல இருப்பதும் ஒரு சுகம்தான்.

ஃபர்னஸ் பிரிவு முனிராஜுவின் கையில் இருந்தது. பாகலூர்க்காரர். வீட்டில் தெலுங்கு, ஊரில் கன்னடம், எங்களோடு தமிழ். மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசுவார், கேட்பவருக்கு மூன்றும் புரிந்தது போலவே இருக்கும். வாய் ஓயாது. ஃபர்னஸோடுகூடப் பேசுவார். காலையில் வந்ததும் அதன் கதவைத் தட்டி, "ஏம்மா, சென்னாகி, நல்லாத் தூங்குனியா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொப்பியை மாட்டுவார். நாங்கள் சிரிப்போம். ஆனால் வேறு யார் ஓட்டினாலும் அந்த ஃபர்னஸ் ஒரு முறையாவது முரண்டு பிடிக்கும், அவரிடம் பிடிக்காது. இந்த வேலைக்காகப் பெங்களூரில் இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு வந்தவர். ஐம்பதைத் தாண்டிய வயதில் வேறு இடத்தில் போய்ப் புதிதாகத் தொடங்குவது நடக்கிற காரியம் இல்லை.

எல்லோருக்கும் மேலே பெரிய சார். ஆலையின் தலைவர். பெயர் வேண்டாம், அவருக்குத் தன் பெயர் அச்சில் வருவது பிடிக்காது. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். கோபம் வந்தால் குரல் கேன்டீன் வரைக்கும் கேட்கும், கோபம் போனால் கேன்டீனிலேயே உட்கார்ந்து நமக்கு வடை வாங்கிக் கொடுப்பார். அவருக்குப் பண்டிகை என்றால் உயிர். அதிலும் ஆயுத பூஜை வந்துவிட்டால் மனிதரைப் பிடிக்க முடியாது.

அந்த வருடம் ஆயுத பூஜை வந்தபோது ஆர்டருக்கான குழாய்கள் எல்லாம் கடைசிச் சுற்றுக்காகத் தூசி புகாத கிளீன் ரூமில் ஒரு ஸ்டாண்டில் வரிசையாக நின்றன. மறுநாள் மதியம் பெங்களூரிலிருந்து வாடிக்கையாளரின் ஆய்வாளர் வருவார், அவர் பார்க்க ஃபர்னஸில் ஏற்ற வேண்டும் என்பது ஏற்பாடு. எங்கள் வழக்கம் என்னவென்றால், பூஜை கிளீன் ரூம் கதவோடு நின்றுவிடும். கதவுக்கு வெளியே ஒரு பொட்டு, ஒரு முழம் பூ, அவ்வளவுதான். இதை எழுதி வைத்தது யாருமில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

பெரிய சார் அன்று பட்டு வேட்டியில் வந்தார். தட்டில் சந்தனம், அவர் மனைவி வீட்டிலேயே செய்து அனுப்பிய குங்குமம். பின்னும் இயந்திரத்துக்கு வைத்தார், கடைசல் இயந்திரத்துக்கு வைத்தார், ஃபோர்க்லிஃப்டுக்கு வைத்தார், காபி மெஷினுக்கு வைத்தார், என் கணினிக்கு மூன்று இடத்தில் வைத்தார். நான் கேன்டீன் பக்கம் பொரி கடலையைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். பூசணிக்காய் உடைத்த சத்தம் கேட்டது. எல்லோரும் சாப்பிட்டோம், கலைந்தோம்.

மறுநாள் காலையில் வாசலில் ஒரே கூட்டம். வருகைப் பதிவு மெஷின் யாருடைய விரலையும் ஏற்க மறுக்கிறது. பார்த்தால் அதன் கண்ணாடி மேலேயே சந்தனம் காய்ந்து கிடக்கிறது. பெரிய சாரின் கைவண்ணம். எல்லோரும் சிரித்துக்கொண்டே துடைத்துவிட்டு உள்ளே போனோம். அந்தச் சிரிப்போடுதான் நான் கிளீன் ரூமுக்குள் நுழைந்தேன்.

குப்பைக் கூடையில் ஒரு துடைக்கும் துணி. அதில் சிவப்புக் கறை.

உள்ளே இருப்பவற்றில் எதுவுமே சிவப்பு கிடையாது. சுவர் வெள்ளை, குழாய் கறுப்பு. துணியை மோந்து பார்த்தேன், சந்தன வாசம். ஸ்டாண்டைப் பார்த்தேன், அதன் காலில் ஒரு பொட்டு இருந்தது, யாரும் துடைக்கவில்லை. அப்படியானால் இந்தத் துணி எதைத் துடைத்தது? குழாய்கள் எல்லாம் ஒரே கறுப்பு. விளக்கைப் பிடித்துப் பார்த்தாலும் ஒன்றும் தெரியவில்லை.

பெரிய சாரிடம் சொன்னேன். அடுத்த நிமிடம் அவர் குரல் கேன்டீனையும் தாண்டிப் போயிருக்கும்.

"உள்ள எவன்யா பொட்டு வெச்சது? இது என்ன கோயிலா? யாருன்னு எனக்குத் தெரியணும்! முனிராஜு, உன் பொறுப்புல இருக்கற எடம். மத்தியானத்துக்குள்ள பேர் வரணும். வரலேன்னா நீ சாவியக் குடுத்துட்டுக் கெளம்பிடு."

முனிராஜுவின் வாய் மூடி நான் பார்த்தது அன்றுதான். தலையைக் குனிந்துகொண்டு ஃபர்னஸ் பக்கம் போய்விட்டார். மற்ற ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருக்கும் தெரியவில்லை, தெரிந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒருவனை வீட்டுக்கு அனுப்பப் பெயர் கேட்டால் எந்த ஆலையில் பெயர் வரும்?

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். எனக்கும் கோபம் இருந்தது. யார் அந்த ஆள் என்று தெரிந்துகொள்ள எனக்கும் நாக்கு துடித்தது. ஆனால் உட்கார்ந்து யோசித்தபோது ஒன்று புரிந்தது. யார் வைத்தார் என்று தெரிந்தாலும் அன்று மதியம் எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. எந்தக் குழாயில் வைத்தார் என்பதுதான் எனக்கு வேண்டும். அது தெரியாமல் ஃபர்னஸில் ஏற்றிவிட்டால், உறிஞ்சிய குங்குமத்தின் மேல் புதிய அடுக்கு வளர்ந்து அதை உள்ளேயே பூட்டிவிடும். பிறகு குழாயை அறுத்தால் ஒழியத் தெரியாது. அதற்குப் பயந்து எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டால் அத்தனை மாத உழைப்பும் குப்பை. எது என்று மட்டும் தெரிந்தால் பிரச்சினையே இல்லை, எப்போதும் போல ஒரு குழாய் உபரியாகப் பின்னி வைத்திருந்தோம்.

ஃபர்னஸின் பின்பக்கம் முனிராஜு ஒரு டிரம்மின் மேல் உட்கார்ந்திருந்தார். நான் அவருக்கும் சேர்த்து டீ கொண்டு போனேன்.

"முனிராஜு, யாருன்னு நான் கேக்கப்போறதில்ல. எந்தக் குழாய்னு மட்டும் சொல்லுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "யாருன்னு கேக்கமாட்டீங்களா?"

"மாட்டேன்."

"சத்தியமா?"

"உங்க ஃபர்னஸ் மேல சத்தியம்."

டீயை ஒரு மடக்குக் குடித்தார். "கடேசிக் குழாய் மேடம். செவுத்தோரமா நிக்குதே, அது. ஒரே பொட்டுதான். எல்லாரும் சாப்புடப் போனதும் நான்தான் ஓடிப்போயித் தொடச்சேன். வேற எதையும் அந்தத் துணியால தொடல. கண்ணுக்கு ஒண்ணும் தெரில, சரியாப் போச்சுன்னு நெனச்சிட்டேன்."

எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. "வைக்கும்போது நீங்க பக்கத்துலயா இருந்தீங்க? வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"எப்டி மேடம் சொல்றது? நல்ல நாளு. வாயில சாமி பேரு. தட்டு வெச்சிருக்கறவரப் பாத்து வேணாம்னு சொன்னா, அபசகுனமாட்டம் ஆயிடாதா? நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. ஐயோ தேவரே, கடவுளே, வெளிய வரலியே!"

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. டம்ளரைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்தார். நானும் அவரையே பார்த்தேன். நேற்று இந்த ஆலையில் தட்டு ஒரே ஒருவர் கையில்தான் இருந்தது.

"நீங்க கேக்கமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கீங்க" என்றார்.

"கேக்கலையே" என்றேன்.

மூன்று பாஷை தெரிந்த மனிதர், ஒரு வார்த்தை எதிலும் வராமல், தன் வேலையை விட்டுக்கொடுக்கத் தயாராக உட்கார்ந்திருக்கிறார். காட்டிக்கொடுக்கவும் மனமில்லை. எனக்கு அவர் மேல் கோபமும் பாசமும் ஒரே சமயத்தில் வந்தன. அவரைத் திட்டலாமா கட்டிக்கொள்ளலாமா என்று தெரியாமல், டம்ளரை வாங்கிக்கொண்டு பெரிய சாரின் அறைக்குப் போனேன்.

"சார், குழாய் எதுன்னு தெரிஞ்சுபோச்சு. கடைசிக் குழாய். உபரிக் குழாயை வச்சு ஆர்டரைக் காப்பாத்திரலாம்."

"நல்லதாப் போச்சு. யாரு வெச்சது?"

"அதை விட்டுருங்க சார்."

"விடமாட்டேன் மேடம். இன்னைக்கு விட்டா நாளைக்கு உள்ள தேங்காய் ஒடைப்பானுங்க. யாரு?"

நான் கதவைச் சாத்தினேன். "சார், நேத்து பூஜைத் தட்டு யார் கையில இருந்துச்சு?"

"தட்டா? தட்டு என் கையில..."

அப்படியே நின்றுவிட்டார். பிறகு மெதுவாகத் தன் வலது கை மோதிர விரலைத் திருப்பிப் பார்த்தார். நகக் கண்ணில் இன்னும் சிவப்பு இருந்தது. நான் சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"கோட்டு, தொப்பி எல்லாம் போட்டுக்கிட்டுத்தான் உள்ள போனேன்" என்றார், ஏதோ அது சமாதானம் போல. "ஸ்டாண்டுக்கு மட்டும் வெக்கலாம்னுதான்... மொத ஆர்டராச்சேன்னு ஒரு ஆசை. காபி மெஷினுக்கே வெச்சமே, குழாய்க்கு வெக்காம போறதான்னு. சுத்தமா மறந்தே போயிட்டேன்." கொஞ்ச நேரம் கழித்து, "முனிராஜு கூட இருந்தானே? ஏன் சொல்லல?" என்றார்.

"நீங்க காலையில கத்துனப்பவும் அவர் சொல்லல சார்."

அவர் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு பெரிய குரல் உள்ள மனிதர் அவ்வளவு சின்னதாக ஆனதை நான் பார்த்ததில்லை.

சிறிது நேரத்தில் அவருக்கு ஒரு நப்பாசை எட்டிப் பார்த்தது. "வீட்டுக் குங்குமம்தான மேடம். கடைச் சாயம் கெடையாது. சுத்தமானது. தொடச்சாச்சு, ஃபர்னஸ்ல எரிஞ்சு போயிடாதா? ஆய்வாளருகிட்ட எதுக்கு இதெல்லாம்?"

"எதுக்கும் வீட்டுல கேட்டுருங்க சார், என்னென்ன போட்டாங்கன்னு."

மனைவிக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டார். அந்த அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், பக்குவம் கேட்கிறார்களே என்று. "நல்ல கொம்பு மஞ்சள், எலுமிச்சம்பழச் சாறு, படிகாரம், வெங்காரம். நெழல்ல காயவெச்சு இடிச்சது. கடையில விக்கறாங்களே, அதுமாதிரி வெறும் கலர்ப்பொடி இல்ல. யாருக்காவது வேணுமா?"

வெங்காரம் என்ற சொல் காதில் விழுந்ததும் நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வெங்காரத்தில் இருப்பது போரான். அணு உலை ஓடுவதே நியூட்ரான் என்ற துகள்களால்தான். போரானோ அவற்றை விழுங்குகிற பொருள். பந்தியில் உட்கார்ந்து அண்டாவையே காலி செய்கிற ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் குழாயில் வேறு எது இருந்தாலும் பேசிப் பார்க்கலாம், போரான் மட்டும் கூடவே கூடாது என்று வாடிக்கையாளர் தடித்த எழுத்தில் கேட்டிருந்தார். கலர்ப்பொடியாக இருந்திருந்தால் பெரும்பாலும் எரிந்து போயிருக்கும். அசல் சரக்கு என்பதால்தான் ஆபத்து.

பெரிய சார் போனை வைத்தார். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். "எல்லாரையும் கூப்புடுங்க" என்றார்.

கேன்டீன் வாசலில் கூடினோம். முனிராஜு சாவிக்கொத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தார், கேட்டால் கொடுத்துவிடலாம் என்று. பெரிய சார் எந்த முன்னுரையும் போடவில்லை.

"காலையில யாருன்னு கேட்டேன்ல? நான்தான். நான்தான் வெச்சேன், நானே மறந்துட்டேன், மறந்துட்டு உங்களக் கத்துனேன். முனிராஜு, தப்பு என்மேல. மன்னிச்சிடு."

பின் வரிசையிலிருந்து யாரோ, "அப்ப பேர் வந்துருச்சு சார்" என்றார்கள். முதலில் சிரித்தது பெரிய சார்தான். அப்புறம் அந்த இடமே அதிர்ந்தது. முனிராஜு மட்டும் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டார்.

ஆய்வாளர் வழியில் அத்திப்பள்ளி நெரிசலில் மாட்டிக்கொண்டு தாமதமாகத்தான் வந்தார். காரிலிருந்து இறங்கியவரிடம் தண்ணீர் கொடுத்த கையோடு பெரிய சாரே எல்லாவற்றையும் சொன்னார். பொட்டு, துணி, வெங்காரம், விரல் நகம் எதையும் விடவில்லை. நான் ஆர்டர் போயிற்று என்றே நினைத்தேன். ஆய்வாளர் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. கடைசிக் குழாயையும் அதற்கு அடுத்ததையும் எடுத்துத் தாருங்கள், அறுத்துப் பார்க்கிறேன் என்றார். அடுத்தது சுத்தமாக இருந்தால் மற்றவற்றை ஏற்றலாம், அதுவரை ஃபர்னஸைத் தொடாதீர்கள் என்றார். அடுத்த குழாயை அறுத்துவிட்டால் ஆர்டருக்கு ஒன்று குறையுமே என்று நான் இழுத்தேன். "குறையட்டும், பிறகு கொடுங்கள். சொல்லாமல் முழுதாகக் கொடுப்பவர்களைக் கண்டால்தான் எனக்குப் பயம்" என்றார்.

முடிவு வரும் வரைக்கும் யாருக்கும் சரியாகச் சோறு இறங்கவில்லை. வந்தது. அடுத்த குழாய் பளிச்சென்று சுத்தம். கடைசிக் குழாயில், முனிராஜு தேய்த்துத் துடைத்த பிறகும், தோலுக்குக் கீழே போரான். மற்ற குழாய்களை ஏற்றினோம். முனிராஜு ஃபர்னஸ் கதவைத் தட்டி, "ஏம்மா, பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் மூடினார். அவை நன்றாக வந்தன. குறைந்த குழாயைப் பின்னாலேயே செய்து அனுப்பினோம். அடுத்த ஆர்டரும் அவர்களிடமிருந்துதான் வந்தது.

பெரிய சார் வீட்டில் போய்ப் பரிசோதனை முடிவைச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா கேட்டாராம், "அப்ப என் குங்குமம் அசல்னு லேப்லயே சொல்லிட்டாங்களா?" அதன்பின் அக்கம்பக்கத்தில் அவர் குங்குமத்துக்கு இருந்த மவுசே தனி.

பாடம் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். ஒரு தவறு நடந்த இடத்தில் முதலில் "எது" என்று கேளுங்கள். "யார்" என்பதற்கு அப்புறம் நேரம் இருக்கிறது, பெரும்பாலும் அது தேவைப்படவும் செய்யாது. இதை நான் பல வருடம் பயிற்சி வகுப்புகளில் சொல்லி வந்தேன். ஆனால் அது பாதிப் பாடம்தான். மீதியை அடுத்த ஆயுத பூஜையில்தான் பார்த்தேன்.

அந்த வருடமும் பட்டு வேட்டி, தட்டு, அதே குங்குமம். இந்த முறை அந்த அம்மாவும் வந்திருந்தார். நான் பொரியை அப்படியே போட்டுவிட்டுப் பின்னாலேயே போனேன். பெரிய சார் ஒவ்வொரு இயந்திரமாக வைத்துக்கொண்டே வந்து கிளீன் ரூம் கதவுக்கு முன்னால் நின்றார். கதவுக்குப் பொட்டு வைத்தார். பிறகு, வேண்டுமென்றே, கைப்பிடியில் கையை வைத்தார். அவர் திரும்பி யாரையும் பார்க்கவில்லை, கைப்பிடியை மட்டும் மெதுவாகத் திருப்பினார்.

பின்னாலிருந்து முனிராஜுவின் குரல் வந்தது. முதலில் லேசாகத்தான்.

"வேணாம் சார்."

பெரிய சார் காது கேளாதவர் போலக் கதவைக் கொஞ்சம் தள்ளினார்.

"வேணாம் சார்! பேடா சார்! வத்து சார்!"

மூன்று பாஷையிலும் வந்துவிட்டது, அதுவும் ஆலையே அதிரும்படி. அந்த அம்மா கைதட்டினார். அப்புறம் எல்லோரும் தட்டினோம். பெரிய சார் கதவைச் சாத்தினார், திரும்பி வந்தார், தட்டிலிருந்து குங்குமத்தைத் தொட்டு முனிராஜுவின் நெற்றியில் வைத்தார்.